பொய் சொல்லத் தெரியாத காதுகள்: ஜப்பானிய வெகுசனக் கதைகளில் விலங்குக் கூறு கொண்ட மனிதர்கள்

1. கேள்வி

2012-இல் ஜப்பானில் 'நெக்கோமிமி' என்றொரு பொருள் விற்பனைக்கு வந்தது. நியூரோவேர் என்ற குழு உருவாக்கிய தலைப்பட்டை அது. அதன் மேல் இரண்டு பூனைக் காதுகள். நெற்றியில் படியும் உணரி மூளையின் மின்னலைகளைப் பிடிக்கும். அணிந்தவர் எதிலாவது கவனம் குவித்தால் காதுகள் நிமிரும். மனம் தளர்ந்தால் மடிந்து படியும். கேளிக்கைப் பொருள்தான். என்றாலும் அதை வாங்கியவர் காசு கொடுத்து வாங்கியது எதை என்று கேட்கலாம். தன் மனத்தில் ஓடுவதைத் தன் அனுமதி இல்லாமலே எதிரில் நிற்பவருக்குக் காட்டிக்கொடுக்கும் ஓர் உறுப்பை அவர் வாங்கினார்.

மங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக் கதைகளிலும், அனிமே தொடர்களிலும், கைபேசி விளையாட்டுகளிலும் இந்த உறுப்பு அரை நூற்றாண்டாகப் பழக்கத்தில் இருக்கிறது. முகம், கை, நடை, பேச்சு எல்லாம் மனிதருடையவை. தலைமேல் மட்டும் பூனையின், நரியின், ஓநாயின் காதுகள். பின்னால் ஒரு வால். இவற்றை மிக்கி மவுஸோடும் பஞ்சதந்திர நரியோடும் சேர்த்துப் பேசுவது வழக்கம். அது சரியில்லை. மிக்கியும் அந்த நரியும் மனிதர் போல நடந்துகொள்ளும் விலங்குகள். கியோத்தோவின் கோசான்-ஜி ஆலயத்துக்குரிய, 12-13-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த ஓவியச் சுருளில் மல்லுக்கட்டும் தவளைகளும் முயல்களும் அந்தக் கூட்டம்தான். அங்கே விலங்கின் உடலுக்குள் மனிதச் சமூகம் நுழைந்து, பெரும்பாலும் அதே சமூகத்தைக் கிண்டல் செய்கிறது. இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் பாத்திரங்கள் மனிதர்கள்; அவர்கள்மேல் விலங்கு ஓரிரு இடத்தில் மட்டும் வெளிப்பட்டிருக்கிறது. இவ்வளவு சிறிய சேர்க்கை ஏன் இவ்வளவு பெரிய ஈர்ப்பை உண்டாக்குகிறது என்பதே கேள்வி.

வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் மூன்று: நாட்டார் மரபின் தொடர்ச்சி, குழந்தைமையின் கவர்ச்சி, சந்தையின் கைவேலை. மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றுமே அந்தக் காது அசைவதைக் கணக்கில் எடுப்பதில்லை.

2. நரி மனைவியின் வாரிசுகளா?

ஜப்பானியத் தொன்மங்களில் உருமாறும் விலங்குகளுக்குக் குறைவில்லை. 9-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கியோகாய் என்ற பௌத்தத் துறவி தொகுத்த 'நிஹோன் ரியோயிகி'யில், மினோ நாட்டைச் சேர்ந்த ஒருவன் வழியில் கண்ட பெண்ணை மணக்கிறான், குழந்தையும் பிறக்கிறது. ஒரு நாள் வீட்டு நாய் அவளை விரட்ட, பயத்தில் அவள் நரியாக மாறி வேலிமேல் தாவிவிடுகிறாள். 1734-இல் தகேதா இசுமோ எழுதிய பொம்மலாட்ட நாடகம் வழியாகப் பின்னர் கபுகி மேடையின் நிலைச்சொத்தாகிவிட்ட குசுனோஹாவின் கதையும் இத்தகையதே. வேட்டையிலிருந்து தன்னைக் காப்பாற்றியவனுக்கு மனைவியாகி, பிற்காலத்தில் பெரும் சோதிடனாகும் அபே நோ செய்மெயைப் பெற்ற வெள்ளை நரி அவள். செவ்வந்திப் பூக்களில் மனம் லயித்திருந்த நேரத்தில் அவளுடைய வால்நுனியை மகன் பார்த்துவிட்டான் என்று ஒரு வழக்கு சொல்கிறது. உண்மை வெளிப்பட்டபின் அவள் காட்டுக்குத் திரும்புகிறாள். பூனைப் பேய்களும் மேடையேறின. 1827-இல் நான்காம் சுருயா நன்போகு எழுதிய நாடகத்தின் ஒகஸாகி பூனை அவற்றில் பெயர்பெற்றது.

இன்றைய பூனைக் காதுப் பெண்ணை இந்த வரிசையின் கடைக்குட்டியாகக் காட்டுவது சுலபம். சுற்றுலாக் கையேடுகளுக்கு அது போதும். ஆனால் இரண்டுக்கும் கதையின் இயக்கமே வேறு. பழைய கதையில் விலங்கு முழுமையான மனித உருவுக்குள் ஒளிந்திருக்கிறது. வால் தெரிவது ஒரு விபத்து. தெரிந்த மாத்திரத்தில் குடும்பம் முடிந்துவிடும். உளவியலாளர் கவாய் ஹயாவோ, ஜப்பானிய நாட்டார் கதைகள் குறித்து 1982-இல் வெளியிட்ட நூலில் இந்த வேறுபாட்டை ஐரோப்பியக் கதைகளோடு ஒப்பிட்டுப் பேசினார். அங்கே தவளையோ கரடியோ சாபத்துக்கு ஆளான மனிதன். அன்பு சாபத்தை முறிக்கும். கதை திருமணத்தில் முடியும். இங்கே மனைவி முதலிலிருந்தே விலங்கு; உண்மை தெரிந்ததும் விலகிப்போகிறாள்; கதை பிரிவில் முடிகிறது.

இந்த ஒப்பீட்டை வைத்துக்கொண்டு இன்றைய கதைகளைப் பார்த்தால் தொடர்ச்சி என்ற சொல் தடுமாறுகிறது. இப்போது காது முதல் பக்கத்திலேயே தெரிகிறது. கண்டுபிடிக்க எதுவும் இல்லை, பிரிவுக்கும் காரணம் இல்லை. பழைய கதையின் முடிவு புதிய கதையின் தொடக்கமாக மாறிவிட்டது. இதற்கான விருப்பம் அந்த 9-ஆம் நூற்றாண்டுக் கதையிலேயே இருக்கிறது என்பதுதான் எனக்குச் சுவையானது. வேலிமேல் நிற்கும் நரியைப் பார்த்து அந்தக் கணவன் அருவருக்கவில்லை. நமக்கொரு பிள்ளை இருக்கிறது, உன்னை என்னால் மறக்க முடியாது, வந்துகொண்டிரு என்கிறான். பிற்காலத்துப் பிரிவுக் கதைகளில் அவனுடைய குரல் அமுங்கிப்போயிற்று. வால் தெரிந்த பிறகும் உடன் வாழலாம் என்ற அவன் ஆசையைத்தான் இன்றைய கதைகள் மீண்டும் கையில் எடுத்திருக்கின்றன.

நம் வாசகருக்கு நரசிம்மரும் சிதம்பரத்து வியாக்ரபாதரும் நினைவுக்கு வரக்கூடும். வியாக்ரபாதர் புலிக்கால் வேண்டிப் பெற்றது, பூசைக்கு மரமேறிப் பூப்பறிப்பதற்காக. அங்கே விலங்கின் உறுப்பு ஒரு வரம், ஒரு கருவி. அதை இந்த விவாதத்துக்குள் இழுத்து வருவதால் இரண்டில் எதுவும் தெளிவாகப் போவதில்லை.

மரபு என்பதே காலத்துக்கேற்பத் திருத்தப்படுவது என்பதற்கு மிசுகி ஷிகெருவின் 'கெகெகெ நோ கிதாரோ'வில் வரும் பூனைப் பெண் ஒருத்தி போதும். 1968 முதல் பலமுறை தொலைக்காட்சித் தொடராக எடுக்கப்பட்ட கதை அது. தொடக்கத்தில் கோபம் வந்தால் வாய் கிழிந்து பல் நீளும் சிறுமியாக இருந்தவள், 2018-ஆம் ஆண்டுத் தொடரில் நெடிய கால்களுடைய அழகியாகிவிட்டாள். தொன்மம் அவளை மாற்றவில்லை, பார்வையாளர்கள் மாற்றினார்கள்.

3. குழந்தைமை, சந்தை

இரண்டாம் விடையைச் சுருக்கமாகவே பார்க்கலாம். பெரிய தலை, பெரிய கண், உருண்ட கன்னம் ஆகியவை மனிதரிடம் பேணும் உணர்வைத் தூண்டுகின்றன என்று விலங்கு நடத்தையியலாளர் கொன்ராட் லோரன்ஸ் 1943-இல் வாதிட்டார். மிக்கி மவுஸ் ஆண்டுக்காண்டு குழந்தை முகம் பெற்று வந்ததை, 1979-இல் ஸ்டீபன் ஜே கூல்ட் அதே வழியில் அளந்து காட்டினார். ஆனால் லோரன்ஸின் குறிப்புகளை மங்கா முகம் காது இல்லாமலே நிறைவேற்றிவிடுகிறது. கண்ணைப் பெரிதாக்கினால் போதும் என்ற இடத்தில் ஓநாய்க் காது எதற்கு? மேலும் இந்தப் பாத்திரங்களில் பலர் குழந்தைகளே அல்லர்; நூற்றாண்டுகள் வாழ்ந்தவர்களும் உண்டு.

மூன்றாம் விடை இன்னும் வலுவானது. 1998-இல் 'கேமர்ஸ்' என்ற கடைத்தொடருக்கு விளம்பரச் சின்னமாக கோகே-டோன்போ என்ற ஓவியர் தேஜிகோ என்ற சிறுமியை வரைந்தார். பூனைக் காது வைத்த தொப்பி, பெரிய மணிகள், பணிப்பெண் உடை, பச்சைத் தலைமுடி, பூனைக் கையுறை, வால் எல்லாம் அவளிடம் இருந்தன. அவளுக்குக் கதை மட்டும் இல்லை. மக்கள் விரும்பத் தொடங்கிய பிறகே, 1999-இல், தொலைக்காட்சித் தொடர் வந்தது. சிந்தனையாளர் அசுமா ஹிரோகி, பின்நவீனச் சமூகம் விலங்குமயமாவதைப் பற்றி 2001-இல் எழுதிய நூலில் இவளையே மையச் சான்றாக்கினார். ஓட்டாக்கு எனப்படும் தீவிர ரசிகர்கள் கதையை நுகர்வதில்லை. ஒரு பெரும் தரவுத்தளத்திலிருந்து எடுத்துக் கோக்கப்பட்ட கூறுகளை நுகர்கிறார்கள். பூனைக் காது அந்தத் தளத்தில் ஒரு பதிவு, அவ்வளவே. இந்த வாசிப்பில் ஒரு முரண்நகையும் உண்டு: ஆசைக்கும் தேவைக்கும் இடைவெளி இல்லாமல் உடனுக்குடன் நிறைவு தேடும் ரசிகனைத்தான் அவர் விலங்கு என்றார். காது பாத்திரத்தின் தலையில், விலங்குத்தனம் பார்ப்பவனிடம்.

அசுமாவின் விளக்கத்தை இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் யாரும் முழுமையாக ஒதுக்கிவிட முடியவில்லை. இன்றைய கைபேசி விளையாட்டுகளில் பாத்திரங்கள் உண்டாகும் விதம் அவர் சொன்னதைவிட அப்பட்டமாக இருக்கிறது. ஆனாலும், ஒரு கூறு எப்படிப் பரவுகிறது என்பதைத் தரவுத்தளம் விளக்குமே தவிர, எண்ணற்ற கூறுகளில் சில மட்டும் ஏன் நிலைக்கின்றன என்பதை விளக்காது. பச்சைத் தலைமுடியும் தேஜிகோவிடம் இருந்தது. அது ஒரு நிறம். வரைந்தபின் அப்படியே இருக்கும். காது ஒவ்வொரு காட்சியிலும் ஒரு வேலை செய்யக்கூடியது.

4. காது செய்யும் வேலை

1872-இல் வெளியான, மனிதரிலும் விலங்குகளிலும் உணர்ச்சி வெளிப்பாடு பற்றிய தம் நூலில் டார்வின் காதுக்குத் தனி இடம் கொடுத்தார். பல்லால் சண்டையிடும் விலங்குகள் சீறும்போது காதைப் பின்னால் இழுத்து ஒட்டவைத்துக்கொள்கின்றன. எதிரி கடித்துவிடாமல் காக்கும் பழக்கம் அது. நாய், பூனை, குதிரையிடம் அது சினத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. பல்லால் சண்டையிடாத மாட்டிடமும் ஆட்டிடமும் இதைக் காண முடியாது. அதற்கு முந்தைய ஆண்டு, மனிதனின் தோற்றம் குறித்த நூலில், நம் காதைச் சுற்றியுள்ள தசைகள் பயனற்ற எச்சங்கள் என்று அவர் குறித்திருந்தார்.

அந்த எச்சங்கள் முழுவதும் உறங்கவில்லை. ஜெர்மனியின் சார்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், ஒலி வரும் திசையில் கவனம் திரும்பும்போது அந்தப் பக்கத்துக் காதுத் தசைகளில் மின்செயல்பாடு கூடுவதைப் பதிவு செய்தனர். நாமும் காதைத் திருப்ப முயல்கிறோம். தசைக்கு வலு இல்லாததால் யாருக்கும் தெரிவதில்லை. குதிரைகளின் நிலை வேறு. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெனிபர் வாத்தன், கேரன் மெக்கோம்ப் இருவரும் 2014-இல் ஒரு சோதனை நடத்தினார்கள். இரண்டு தீனிவாளிகள், ஒன்றை நோக்கித் திரும்பிய ஒரு குதிரையின் பெரிய நிழற்படம். அதைப் பார்க்கும் குதிரைகள் படத்துக் குதிரை நோக்கும் வாளியை நாடின. படத்தில் காதுகளை மறைத்ததும் அந்தத் தேர்வு தற்செயல் நிலைக்குச் சரிந்தது. பிற குதிரையின் மனம் எங்கே இருக்கிறது என்பதை அறியக் காது அவற்றுக்குத் தேவைப்படுகிறது.

மனித முகம் வேறு வழியில் வளர்ந்தது. நம் முகம் நுட்பமானது. அதனாலேயே நடிக்கவும் கற்றது. சிரிக்க விரும்பாதபோது சிரிக்கிறோம். ஜப்பானிய ஓவியர்கள் தலைமேல் வரைந்தது, இந்த நடிக்கும் முகத்தின் பக்கத்திலேயே நடிக்காத இரண்டாவது முகம் ஒன்றை. வாய் ஒன்று சொல்லும். காது வேறொன்று சொல்லும். வாசகருக்கு இரண்டும் ஒரே சட்டத்துக்குள் தெரியும். மங்கா போன்ற கலைக்கு இது பெரிய சிக்கனம். உள்மன ஓட்டத்தை எழுத்தில் சொல்லும் பெட்டி வேண்டாம். வியர்வைத் துளியும் நெற்றி நரம்பும் வேண்டாம். வால் ஒருமுறை ஆடினால் போதும்.

பழைய கதைகளுக்கும் புதியவற்றுக்கும் உண்மையான தொடர்பு இங்கேதான் என்பது என் கருத்து. குசுனோஹாவின் வாலும் அவள் மறைக்க நினைத்ததை வெளியிட்ட உறுப்பு. அன்று வெளியானது அவள் யார் என்பது, அது ஆபத்து. இன்று வெளியாவது அவள் என்ன உணர்கிறாள் என்பது. ஆபத்து வாக்குறுதியாகிவிட்டது.

5. பொய்ச் சந்தையில் ஒரு வால்

இதை மிகத் தெளிவாகப் புரிந்துகொண்டு எழுதப்பட்ட படைப்பு என்று ஹசெகுரா இசுனாவின் 'மசாலாவும் ஓநாயும்' நாவல் வரிசையைச் சொல்வேன். முதல் நூல் 2006-இல் வந்தது; 2008-இல் அனிமே ஆயிற்று; 2024-இல் மறுபடியும் எடுத்தார்கள். கதை நடப்பது இடைக்கால ஐரோப்பாவை ஒத்த ஒரு கற்பனை நிலத்தில். கிராஃப்ட் லாரன்ஸ் ஊர் ஊராகப் போகும் வணிகன். ஒரு கிராமத்தின் கோதுமையைப் பல நூற்றாண்டுகள் காத்துவந்த ஓநாய்த் தெய்வம் ஹோலோ, அந்த ஊருக்குத் தான் தேவைப்படவில்லை என்று உணர்ந்து, அவன் வண்டியில் ஏறிக்கொள்கிறாள். வடக்கே தன் பிறந்த மண்ணுக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. பெண் உருவில் இருக்கிறாள். காதும் வாலும் மட்டும் ஓநாயுடையவை. திருச்சபையின் கண்ணில் பட்டால் பேய் என்று பிடித்துக்கொள்வார்கள் என்பதால் காதை முக்காட்டிலும் வாலை உடையிலும் மறைத்துக்கொள்கிறாள்.

பிறகு இருவரும் வியாபாரம் செய்கிறார்கள். நாணயங்களில் வெள்ளி எவ்வளவு கலந்திருக்கிறது, அதை ஏற்றப் போகிறார்களா குறைக்கப் போகிறார்களா, ஒரு மூட்டை மிளகின் எடையில் என்ன மோசடி நடக்கும் என்பவை இந்தக் கதையின் சண்டைக் காட்சிகள். பேரம் பேசுவது இவர்களின் தொழில். உண்மையை முழுதும் சொல்லாமல் இருப்பது அந்தத் தொழிலின் அடிப்படை. அந்த உலகத்தில் ஹோலோவின் காதுக்குப் பிறர் சொல்லும் பொய் கேட்டுவிடுகிறது. அதே காது, அவளே சொல்லும் பொய்யை லாரன்ஸுக்குக் காட்டியும் கொடுத்துவிடுகிறது. ஆப்பிள் பழத்தில் ஆசை இல்லாதவள் போல அவள் பேசும்போது உடைக்குள் வால் அசைகிறது.

எழுத்தாளர் இதோடு நிறுத்தியிருந்தால் இது ஒரு நல்ல உத்தி மட்டுமே. ஹோலோ தன் வால் பேசுகிறது என்பதை அறிந்தவள். அதை வாரிப் பராமரித்துப் பெருமை கொள்பவள். லாரன்ஸ் அதைப் பார்த்துத்தான் தன்னை எடைபோடுகிறான் என்று தெரிந்த பிறகு, வாலின் அசைவையும் பேரத்தில் ஒரு சரக்காக வைத்துவிடுகிறாள். அவன் படித்தது நிஜமா, படிக்கட்டும் என்று காட்டியதா என்ற ஐயம் அவனுக்கு வருகிறது. நாவல்கள் பெரும்பாலும் அவன் பார்வையிலேயே நகர்வதால் நமக்கும் வருகிறது. பொய் சொல்லத் தெரியாத உறுப்பு பொய் கற்றுக்கொள்ளும் அந்த இடத்தில்தான் இருவரும் ஒருவருக்கொருவர் சமமாகிறார்கள்.

6. தையல் தெரிய வேண்டும்

இந்த வாதத்துக்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான சான்று ஹாலிவுட்டில் இருக்கிறது. ஆண்ட்ரூ லாயிட் வெப்பரின் 'கேட்ஸ்' இசை நாடகம் 1981-இல் லண்டனில் தொடங்கிப் பல ஆண்டுகள் ஓடியது. ஒப்பனை, இறுக்கமான ஆடை, பொய்ம்மயிர் ஆகியவற்றோடு நடிகர்கள் பூனைகளாக ஆடினார்கள். டாம் ஹூப்பர் இயக்கிய 2019-ஆம் ஆண்டுத் திரைப்படம் கணினி நுட்பத்தால் நடிகர்களின் உடலில் மயிரையே வளர்த்தது. காதுகள் அசைந்தன, வால்கள் ஆடின. என் விளக்கப்படி அது ஈர்த்திருக்க வேண்டும். பார்த்தவர்கள் அருவருத்தார்கள், விமர்சகர்கள் கிழித்தார்கள், படம் வெளியான பின்னும் காட்சித் திருத்தங்கள் செய்து அரங்குகளுக்குப் புதிய பிரதி அனுப்ப வேண்டியிருந்தது.

ஆகவே அசையும் காது மட்டும் போதாது. மனிதத் தோற்றத்தை நெருங்க நெருங்க ஓரிடத்தில் ஈர்ப்பு சட்டெனச் சரியும் என்று எந்திரனியல் அறிஞர் மோரி மசாஹிரோ 1970-இல் எழுதியதை இதற்கு எல்லோரும் எடுத்துக் காட்டுவார்கள். அதை இன்னும் குறுக்கிச் சொல்லலாம்: திரைப்படம் மனிதனும் பூனையும் சந்திக்கும் இடத்தை அழித்துவிட்டது. தோல் எங்கே முடிகிறது, மயிர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. மங்காவில் அந்த எல்லை வெளிப்படை. பக்கவாட்டில் மனிதக் காது இருக்குமா என்ற கேள்வியைத் தலைமுடியால் மூடிவிட்டு, மேலே இரண்டு முக்கோணங்களை நட்டுவிடுவார்கள். தேஜிகோவின் காது தொப்பியிலேயே இருக்கிறது. ஒட்டவைத்தது போலத் தெரிவது இதன் குறை என்று நினைப்போம், அதுதான் நிபந்தனை. மேடையில் ஆடிய 'கேட்ஸ்' நடிகருக்கும் அது பொருந்தும்.

எல்லை தெரிவதற்கு அழகியல் பயன் மட்டும் இல்லை. தகஹாஷி ருமிகோவின் 'இனுயாஷா' (1996-2008) கதைநாயகனின் தந்தை நாய் வடிவப் பேரசுரன். தாய் மனிதப் பெண். நாயகனின் தலையில் நாய்க் காதுகள். கட்டுண்டு உறங்கும் அவனை முதன்முறை காணும் பள்ளி மாணவி ககோமேவுக்கு அந்தக் காதைத் தொட்டுப் பார்க்கத்தான் தோன்றுகிறது. அவனுடைய மாற்றாந்தாய் மகனாகிய அண்ணன் செஷோமாரு முழு அசுரன்; அவனுக்கு நாய்க் காது இல்லை. மனித உருவில் அவன் கூர்ந்த செவியும் முகக்கோடுகளும் கொண்ட அழகன். அமாவாசை இரவில் இனுயாஷா முழு மனிதனாகும்போது அவனுக்கும் காது மறைகிறது. அசுரனுக்கும் இல்லை, மனிதனுக்கும் இல்லை, கலந்தவனுக்கு மட்டுமே காது. தகஹாஷியின் கையில் அது விலங்கின் அடையாளமே அல்ல. இரு தரப்பும் சேர்த்துக்கொள்ளாத கலப்பின் அடையாளம். பதின்ம வயது வாசகர்கள் அவனைத் தங்களவனாக ஏற்றதில் வியப்பில்லை. இந்த வகைமையின் பெரும்பாலான பாத்திரங்கள் பெண்களாக இருக்கையில், ஓர் ஆண் பாத்திரத்தை இந்த அளவு நிறுத்தியவரும் ஒரு பெண் படைப்பாளி என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

7. யார் படிக்கிறார்கள்?

இங்கே ஒரு கடினமான இடம் வருகிறது. தன்னையறியாமல் உண்மை சொல்லும் உடல், பெரும்பாலும் பெண்ணுடைய உடல். அவள் வேண்டாம் என்கிறாள், வால் ஆடுகிறது, கதாநாயகனும் வாசகனும் வாலை நம்புகிறார்கள். நகைச்சுவைக் காட்சியாக இது நூற்றுக்கணக்கான முறை வரையப்பட்டுவிட்டது. ஒரு பெண்ணின் சொல்லைவிட அவள் உடல்தான் உண்மையானது, அதைப் படிக்கத் தெரிந்தவனுக்குக் கேள்வி கேட்கும் அவசியம் இல்லை என்பது இக்காட்சியின் தருக்கம். காதின் ஈர்ப்பை விளக்கும் எந்தக் கட்டுரையும் இதைத் தாண்டிப் போய்விட முடியாது. வளர்ப்பு விலங்கின்மீது உரிமையாளருக்கு உள்ள அதிகாரம், காது வழியாக மனித உறவுக்குள் நுழைகிறது.

இவ்வகைமையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாகப் பலரும் குறிக்கும் படைப்பு நேர் எதிர்த்திசையில் இருந்தது. ஓஷிமா யுமிகோவின் 'பருத்தி நாட்டு விண்மீன்' 1978 முதல் 1987 வரை 'லாலா' என்ற சிறுமியர் இதழில் வந்தது. கோதன்ஷா விருதும் பெற்றது. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்ற தோகியோ என்ற இளைஞன் ஒரு பூனைக்குட்டியை எடுத்து வருகிறான். கதையில் உள்ள மனிதர்களுக்கு அது வெறும் பூனைக்குட்டி. நமக்கு மட்டும், சரிகைப் பின்னலிட்ட உடையில், தலையில் பூனைக் காதுகளோடு ஒரு சிறுமியாக வரைந்து காட்டுகிறார் ஓஷிமா. ஏனென்றால் சிபிநெக்கோ என்ற அந்தக் குட்டி தன்னை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். பூனைகள் வளர்ந்தால் மனிதராகிவிடும் என்பது அவள் நம்பிக்கை. ராஃபேல் என்ற அழகிய பூனை ஒன்று, அப்படி ஒருபோதும் நடக்காது என்று சொல்லும் வரை.

இந்தக் காதை யாரும் படிப்பதில்லை. தோகியோவால் முடியாது, அவன் பார்ப்பது பூனையை. படிக்கக்கூடிய ஒரே ஆள் வாசகர். அவருக்குத் தெரிவதும் அவள் மறைத்த உணர்ச்சி அல்ல, அவள் தன்னைப் பற்றி வைத்திருக்கும் பிழையான, தீவிரமான கற்பனை. பெண் குழந்தையாகவும் இல்லாமல் பெண்ணாகவும் ஆகாமல் நிற்கும் வயதினருக்கென நடத்தப்பட்ட இதழில் அந்தக் கற்பனை சென்று தொட்ட இடம் எது என்று சொல்லத் தேவையில்லை. இருபது ஆண்டுகளில் இந்தக் காது தேஜிகோவின் தொப்பிக்கு வந்துசேர்ந்ததை அசுமா விவரித்தார். வழியில் கைவிடப்பட்டது இந்த உட்பார்வைதான்.

அது முற்றிலும் அழிந்துவிடவில்லை. ஹொசோடா மமோருவின் 'ஓநாய்க் குழந்தைகள்' (2012) படத்தில் யுகி, அமே என்ற இரு குழந்தைகளுக்கு உணர்ச்சி பொங்கினால் ஓநாய்க் காது முளைத்துவிடும். பள்ளிக்குப் போகும் யுகி அதை அடக்கக் கற்கிறாள். சோஹே என்ற மாணவன் அவளை விடாமல் துருவும்போது அடக்க முடியாமல் அவனைக் காயப்படுத்திவிடுகிறாள். பின்னொரு நாள், புயலில் ஆளில்லாத பள்ளியில், தானே விரும்பி அவனுக்குத் தன் உருவத்தைக் காட்டுகிறாள். அவன் தனக்கு முன்பே தெரியும் என்கிறான். அவனுக்குச் செய்தி எதுவும் புதிதாகக் கிடைக்கவில்லை. முதல்முறை அவன் பறித்ததை இரண்டாம் முறை அவள் கொடுத்தாள்; படம் முழுவதும் இந்த வித்தியாசத்தில் நிற்கிறது.

8. காதுக்குப் பின்னால் நிற்கும் விலங்கு

இதுவரை விலங்கையே பேசவில்லை. பேசத் தோன்றாததும் இந்த வகைமையின் இயல்பு. காதைக் கொடுத்த பூனையை யாரும் விசாரிப்பதில்லை. சைகேம்ஸ் நிறுவனத்தின் 'உமா முசுமே' (அனிமே 2018, விளையாட்டு 2021) அந்த இயல்பைக் குலைத்தது. அதன் குதிரைக் காதுப் பெண்களில் பெரும்பாலோர் உண்மையில் ஓடிய ஒரு பந்தயக் குதிரையின் பெயரையும் வரலாற்றையும் சுமப்பவர்கள். 113 பந்தயங்களில் ஒன்றைக்கூட வெல்லாமல் நாட்டுக்கே செல்லமாகிவிட்ட ஹாரு உராராவும் அங்கே உண்டு. குதிரைகளின் மதிப்பைக் கெடுக்கும் படைப்புகளை ரசிகர்கள் உருவாக்க வேண்டாம் என்று நிறுவனமே கேட்டுக்கொண்டிருக்கிறது. உரிமையாளர் உள்ள விலங்கு என்பதால் கிடைத்த மரியாதை இது என்றால் அதிகம் தவறில்லை.

குதிரையிடமிருந்து எதை எடுத்து எதை விட்டார்கள் என்பது கவனிக்கத்தக்கது. காதும் வாலும் வேகமும் வந்தன. சூதாட்டம் வரவில்லை; பந்தயத்தில் வென்றவர்கள் மேடையேறிப் பாடுகிறார்கள். 1998 நவம்பர் 1 அன்று தோக்கியோவின் இலையுதிர்காலத் தென்னோ ஷோ பந்தயத்தில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த சைலன்ஸ் சுசுகாவின் முன்னங்கால் முறிந்தது. அதைக் கருணைக்கொலை செய்தார்கள். அனிமேயில் அவளுக்கும் அதே பந்தயத்தில் கால் முறிகிறது. சிகிச்சை பெற்று மீண்டும் ஓடுகிறாள். மனித உடல் கொடுத்ததன் முதல் பலன் இது. கால் முறிந்தால் கொல்லப்பட வேண்டியதில்லை. நேசிக்கத்தக்க அளவு மட்டும் விலங்கை வைத்துக்கொண்டு, நாம் அதற்குச் செய்வதை நீக்கிவிட்ட உடல் அது என்று குற்றம் சாட்டலாம். நானும் முதலில் அப்படித்தான் எழுத நினைத்தேன்.

நடந்தது அந்தக் குற்றச்சாட்டுக்கு முழுதாக அடங்கவில்லை. நைஸ் நேச்சர் என்ற முதிய குதிரையின் பிறந்தநாளை ஒட்டி, ஓய்வுபெற்ற குதிரைகளைப் பராமரிக்கும் சங்கம் ஆண்டுதோறும் நன்கொடை திரட்டிவந்தது. விளையாட்டு வெளியான 2021-இல் அது 3 கோடியே 50 லட்சம் யென்னைத் தாண்டியது. முந்தைய ஆண்டுகளில் நினைத்தும் பார்க்காத தொகை. 2023-இல் 35 வயதில் அந்தக் குதிரை இறந்தது. அதன் பெயரால் வந்த பணம் வேறு குதிரைகளுக்குத் தீனியாகிறது. வரைந்த காதிலிருந்து நிஜக் காதுக்கு அன்பு கடந்துபோக முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று இத்துறையில் இல்லை.

கடந்துபோனவர்கள் பண்ணை வாசலில் வேறொரு பாடத்தைச் சந்திக்கிறார்கள். குதிரைகளைப் பார்க்க வருவோருக்கு ஜப்பானியப் பண்ணைகள் விதிக்கும் நெறிகளில், அனுமதியின்றித் தொடாதே, தீனி கொடுக்காதே என்பவை உண்டு. திரையில் பின்னால் மடிந்த காது பிணக்கு; பார்ப்பவருக்கு அது பிடிக்கவும் செய்யும். லாயத்தில் அதே காது, டார்வின் சொன்னபடி, அடுத்து பல் வரும் என்பதன் அறிவிப்பு. அதை ஊடல் என்று படிக்கும் ரசிகருக்கு விரலில் தையல் போட வேண்டியிருக்கும்.